டைல்ஸ் கணக்குக்குச் சதுர அடி போதாது

வீட்டுக்கு டைல்ஸ் வாங்கப் போகிறவர்களுக்காக இணையத்திலும் மொபைலிலும் இலவசக் கால்குலேட்டர்கள் நிறையக் கிடைக்கின்றன. அறையின் சதுர அடியைக் கொடுத்தால் எத்தனை டைல்ஸ் என்று நொடியில் சொல்லி விடும். பரப்பை மட்டும் கேட்கிற கால்குலேட்டரை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள் என்பேன். எக்ஸெல்லில் நாமே ஒரு சிறிய ஷீட் போட்டுக் கொள்வது மேல்.

முதல் சிக்கல், அளவை டைப் செய்வதிலேயே வருகிறது. அறை 12 அடி 4 அங்குலம் நீளம், 10 அடி 6 அங்குலம் அகலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இதை 12.4 என்றும் 10.6 என்றும் அடிப்பவர்கள் பலர். ஓர் அடிக்கு 12 அங்குலம். எனவே 4 அங்குலம் என்பது 0.33 அடி, 6 அங்குலம் என்பது 0.5 அடி. இந்த வம்பே வேண்டாம். டேப்பில் சென்டிமீட்டர் ஓரத்தைப் பார்த்து மில்லிமீட்டரிலேயே குறித்துக் கொள்ளுங்கள். பிளானில் அடிக்கணக்கு மட்டும் இருந்தால் மொத்தத்தையும் அங்குலமாக்கி 25.4 ஆல் பெருக்குங்கள். (எக்ஸெல்லில் இதற்கென்றே 'கன்வெர்ட்' என்ற பங்ஷன் உண்டு. ஆனால் ஒரு பெருக்கலுக்கு அது எதற்கு?) நம் அறை 3759 க்கு 3200 மி.மீ.

அடுத்தது கடைப் பேச்சு. 'ரெண்டுக்கு ரெண்டு' என்று விற்கப்படும் டைல் 600 மி.மீ. தான். 2 அடி என்றால் 609.6 மி.மீ. இருக்க வேண்டும். ஆக ஒரு டைல் மூடுவது 4 சதுர அடி அல்ல, 3.875 தான். நம் அறையின் 129.5 சதுர அடியை 4 ஆல் வகுத்தால் 33 டைல்ஸ். உண்மையான அளவால் வகுத்தால் 34.

அந்த 34-ம் போதாது. தரை வரிசை வரிசையாகத்தான் நிரம்பும். நீளத்தை 600 ஆல் வகுத்து 'ரவுண்ட்அப்' பங்ஷனில் கொடுத்தால் 7 வரும், அகலத்துக்கு 6. பெருக்கினால் 42. வெட்டிய துண்டை வேறு இடத்தில் போட முடியாத, திசை பார்த்து ஒட்ட வேண்டிய டிசைன் டைல் என்றால் இந்த 42 தான் கணக்கு. 10 சதவீதம் சேதாரம் சேர்த்துக் கொடுக்கும் கால்குலேட்டர்கூட 38 என்றுதான் சொல்லும், 4 குறையும்.

டிசைன் இல்லாத டைல் என்றால் துண்டுகள் பயன்படும். முழு டைல்ஸ் 30. ஒரு பக்கம் 159 மி.மீ. மிச்சம், ஒரு டைலில் 3 துண்டு கிடைக்கும், எனவே 2 டைல்ஸ். மறு பக்கம் 200 மி.மீ. மிச்சம். 600-ஐ 200 ஆல் வகுத்து 3 துண்டு என்று கம்ப்யூட்டர் சொல்லும். மேஸ்திரியிடம் கேட்டால் 2 தான் என்பார். வெட்டும் பிளேடு ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தின்று விடுமே! எனவே பார்முலாவில் 200-உடன் 2 கூட்டி விட்டு வகுங்கள். விடையின் முழு எண்ணை மட்டும் 'இன்ட்' எடுத்துக் கொடுக்கும். இங்கே 3 டைல்ஸ். மூலைக்கு வேண்டிய சிறு துண்டு மிச்சத்திலேயே கிடைத்து விடும். மொத்தம் 35.

ஸ்கர்ட்டிங்கை மறந்து விடாதீர்கள். 100 மி.மீ. உயரத்துக்கு ஒரு டைலில் 5 பட்டைதான் கிடைக்கும். வாசலுக்கு 900 மி.மீ. கழித்தால் நம் அறைக்கு 22 பட்டை, அதாவது 5 டைல்ஸ். 35-உடன் சேர்த்தால் 40. இந்த அளவு டைல் பெரும்பாலும் பெட்டிக்கு 4 வீதம் வருகிறது. எனவே சரியாக 10 பெட்டி. ஒன்று உடைந்தாலும் மாற்ற மிச்சம் இல்லை. பிறகு ஒரு பெட்டி தேடிப் போனால் அதே மாடலிலேயே நிறம் லேசாக வேறுபடலாம். 11-வது பெட்டியை முதலிலேயே, பெட்டி மேல் உள்ள பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்கி விடுங்கள்.