சாவது டேப் இல்லை, டிரைவ்!

"டேப் கெட்டுப் போச்சுங்க, பழைய டேட்டா கிடைக்காது" என்று யாராவது கையை விரித்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பல நேரம் டேப்புக்கு முன்னால் சாவது அதை ஓட்டும் மெஷின்தான்.

திண்டுக்கல் பக்கத்து சிறுமலையையே எடுத்துக்கொள்வோம். 1970களில் முடிக்கொத்து நோய் அங்கே மலைவாழையை நாசமாக்கியது. அப்புறம் அந்த நிலமெல்லாம் என்ன ஆனது? காடு எங்கே இருந்தது, தோட்டம் எங்கே இருந்தது? ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பொய் சொல்லாத சாட்சி செயற்கைக்கோள் படம். 1988 மார்ச் 17-ல் ஏவிய ஐ.ஆர்.எஸ்-1ஏ, 22 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் மேல் வந்தது. அதன் லிஸ்-2 கேமராவில் 36.25 மீட்டர் நிலம் ஒரு புள்ளி.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி படங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது எதில்? அரை அங்குல ஒன்பது தட டேப்பில். 1964-ல் ஐ.பி.எம். சிஸ்டம்/360 உடன் வந்த ஃபார்மட். முழுச் சுருள் 2400 அடி. எவ்வளவு நெருக்கி எழுதினாலும் 200 எம்.பி.கூடத் தேறாது. அதைப் படிக்கும் டிரைவை இன்று யாரும் தயாரிப்பதில்லை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1966-67-ல் லூனார் ஆர்பிட்டர் எடுத்த நிலாப் படங்கள் வேறு வகை டேப்பில் இருந்தன. 40 வருஷம் கழித்தும் டேப் நன்றாகவே இருந்தது. ஓட்டத்தான் மெஷின் இல்லை! நாசாவில் வேலை பார்த்த ஒருவர் பழைய டிரைவ்களைத் தன் வீட்டில் காப்பாற்றி வைத்திருந்ததால் 2008-ல் மீட்பு வேலை தொடங்கியது. ஒரு நாட்டின் ஆவணம் ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தை நம்பியா இருப்பது?

"இப்போதுதான் கிளவுட் இருக்கிறதே" என்பார்கள். பழைய சுருள் தானாக நடந்து போய் கிளவுடில் ஏறாது. டிரைவ் ஓடும்போதே யாராவது காப்பி எடுக்க வேண்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு.

இது நமக்குப் புதுசும் இல்லை. சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது ஓலை கெட்டி என்பதால் அல்ல. ஓலை செல்லரிக்கும் முன்னே தலைமுறை தலைமுறையாக யாரோ உட்கார்ந்து புது ஓலையில் எழுதினார்கள். எழுதாத ஏடு போயே போச்சு.

அரசு அலுவலகமும் பல்கலைக்கழகமும் சேமிப்புக் கருவி வாங்கும்போது டெண்டரில் கொள்ளளவு, வேகம், விலை மட்டும் பார்த்தால் போதாது. பத்து வருஷம் கழித்து அடுத்த ஃபார்மட்டுக்கு மாற்றும் செலவையும் அன்றே ஒதுக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத டெண்டர், டேட்டாவைச் சேமிக்கவில்லை. நாள் குறித்துப் புதைக்கிறது.