காதல் கதைகளும் பெண் அடிமையும்

மாத நாவல்களிலும், இப்போது கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதைகளிலும் காதலின் பேரால் எழுதப்படுபவைகளில் ஒரு வகையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது. அவ்வகைக் கதைகளின் சாரம் பெரும்பாலும் ஒன்றேயாகும். கதாநாயகன் பணக்காரன், முன்கோபி. ஒரு பெண்ணை மிரட்டியோ, அவள் தகப்பன் பட்ட கடனைக் காட்டியோ கலியாணம் செய்துகொள்ளுகின்றான். பிறகு அவளை ஏசுகிறான், அறைகிறான், வேலைக்குப் போகாதே என்கிறான், யாரோடு பேசினாய் என்று கணக்குக் கேட்கிறான். அவள் அழுதுகொண்டே பொறுத்துப் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் கண்ணீர் விட்டு, எல்லாம் உன் மேலுள்ள ஆசையால் செய்தது என்கிறான். உடனே அத்தனையும் காதலாகிவிடுகின்றது!

இது நம் நாட்டுச் சரக்கு மாத்திரமல்ல. 1919-ல் இ. எம். ஹல் என்னும் ஆங்கில மாது எழுதிய "தி ஷேக்" நாவலில், ஒருவன் ஒரு பெண்ணைப் பாலைவனத்தில் தூக்கிச் சென்று பலாத்காரம் செய்கிறான். அவள் முடிவில் அவனையே காதலிக்கிறாள். 1921-ல் அது சினிமாவாகவும் வந்தது. 2005-ல் அமெரிக்காவில் வெளியான "ட்வைலைட்" நாவலில், பெண்ணொருத்தி தூங்குவதை அவளறியாமல் அவள் அறைக்குள் புகுந்து பார்த்திருப்பவன் உத்தமக் காதலனாகக் காட்டப்படுகிறான். நமக்கோ இந்தப் பாடத்தை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை. நோய்ப்பட்ட புருஷனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டில் கொண்டு விட்டவள் என்பதற்காக நளாயினியைப் புகழும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? அந்தக் கூடைதான் இன்று வர்ண அட்டை போட்டுக்கொண்டு வருகின்றது.

ஒரு மிராசுதாரன் தன் பண்ணையாளை அடித்து, வெளியே போகாமல் தடுத்து, பிறகு "உன்மேல் எனக்குப் பிரியம்" என்று சொன்னால் அதைப் பிரியம் என்று நம்மில் யாராவது ஒப்புக்கொள்வோமா? அடிமைத்தனம் என்றுதானே சொல்லுவோம்? அடித்தவன் புருஷனாகவும் அடிபட்டவள் பெண்ணாகவும் இருந்தால் மாத்திரம் அதற்குப் பெயர் எப்படி மாறும் என்று கேட்கின்றோம்.

"பெண்களே எழுதுகிறார்கள், பெண்களே விரும்பிப் படிக்கிறார்கள், இது வெறும் கதைதானே" என்று சிலர் சொல்லலாம். தன்னை ஒருவர் மனமார விரும்ப வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் குற்றம் ஒன்றுமில்லை. அந்த ஆசைக்கு விலையாக அவளுடைய மானத்தைக் கேட்பதுதான் குற்றம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சொல்லாமல் வெளியே போனாள், எதிர்த்துப் பேசினாள், சரியாகச் சமைக்கவில்லை என்பது போன்ற ஏழு காரணங்களில் ஏதேனும் ஒன்றுக்காகப் புருஷன் அடிப்பது நியாயமே என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆண்களில் 100-க்கு 44 பேர். பெண்களில் 45 பேர்! இது கதைகளால் மாத்திரம் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்த எண்ணத்துக்குத் தினந்தோறும் தண்ணீர் ஊற்றுகிறவை எவை என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா?

நிற்க, கதை இப்படியிருக்கச் சட்டம் என்ன சொல்லுகின்றது? 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அடிப்பது மட்டுமின்றி, இழிவாக ஏசுவதும், வேலைக்குப் போகவொட்டாமல் தடுப்பதும் கொடுமையேயாகும். வேண்டாமென்ற பெண்ணை விடாமல் பின்தொடர்வது 2013-ல் தனிக் குற்றமாக்கப்பட்டு, 2024 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கின்றது. ஆகவே சட்டத்தில் குற்றவாளியாய் இருப்பவன்தான் கதையில் காதலனாய் இருக்கிறான்.

இக்கதைகளில் உள்ள பெரிய புரட்டு வேறொன்று. கதையில் அந்த முரடனைத் திருத்துவது மனைவியின் பொறுமை என்று சொல்லப்படுகின்றது. உண்மையில் அவனைத் திருத்துவது ஆசிரியருடைய பேனாவேயாகும். வீட்டில் அடிக்கிறவனுக்குக் கடைசி அத்தியாயம் எழுதிவைத்திருப்பவர் யார்? பொறுக்கப் பொறுக்க அவனுக்குத் துணிச்சல் ஏறுமே ஒழியப் புத்தி வருமென்பதற்கு என்ன உத்தரவாதம்?

இக்கதைகளைத் தடை செய்ய வேண்டுமென்பது நமது அபிப்பிராயமல்ல. தடை செய்தால் திருட்டுத்தனமாய்ப் படிப்பார்கள். படிக்கிறவர்கள் அறிவோடு படிக்கட்டும். எழுதுகிறவர்கள், தங்கள் மகளை இப்படிப்பட்டவனுக்குக் கட்டிக்கொடுக்கத் தாங்கள் சம்மதிப்பார்களா என்று ஒரு தரம் யோசித்து எழுதட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் "அனுசரித்துப் போ, நாளைக்குத் திருந்திவிடுவான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் தாய் தகப்பன்மார்கள், தாங்கள் சொல்லுவதும் அதே நாவல் கதைதான் என்பதை உணர வேண்டும். அவளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். சொந்தக் காலில் நிற்க ஒரு தொழிலுக்கு வழி செய்யுங்கள். அச்சமிருக்கும் இடத்தில் அன்பு இருக்க முடியாது என்பதை நம் பெண்களும் ஆண்களும் அறிந்துகொள்வார்களானால், இக்கதைகளின் யோக்கியதை தானாகவே வெளியாகிவிடும்.