முதுமையின் தசையும் குட்டையின் மீனும்

நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழுவது எனக்குக் கடினமாகி ஓராண்டு ஆகிறது. 'அறுபத்தெட்டு வயதில் அப்படித்தான்' என்று நானும் விட்டுவிட்டேன். மருத்துவ உலகம் அப்படி விடவில்லை. முதுமையில் தசையின் அளவும் வலிமையும் குறைவதற்கு 1989-இல் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க். 2016-இல் அந்நாட்டின் நோய்க் குறியீட்டுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆனால், அதற்கென ஒப்புதல் பெற்ற மருந்து இன்னும் வரவில்லை.

காலமும் அதற்கொரு காரணம். ஆய்வகச் சுண்டெலி முதுமை எய்தவே ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகும். ஆய்வு நிதியோ பெரும்பாலும் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்குத்தான். எனவேதான் ஆய்வாளர்களின் பார்வை ஆப்பிரிக்காவின் 'கில்லிஃபிஷ்' மீது விழுந்தது. ஜிம்பாப்வே, மொசாம்பிக் நாடுகளின் மழைக்காலக் குட்டைகளில் வாழும் சிறு மீன் அது. குட்டை வற்றுவதற்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு மடிந்துவிட வேண்டும். முட்டைகள் மட்டும் காய்ந்த சேற்றுக்குள் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். ஆய்வகத்தில் வளர்த்தாலும் சில மாதங்களே அதன் ஆயுள். அதற்குள்ளாகவே நிறம் மங்கி, முதுகெலும்பு வளைந்து, தசை மெலிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வியப்பு இருந்தது. தேய்ந்துவந்த தசை, ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இளமைக்கால வளர்சிதை மாற்றத்தை ஒத்த நிலைக்குத் திரும்புகிறதாம். அந்த வழிமுறை பிடிபட்டால், மருந்துக்கு ஒரு திறவுகோல் கிடைக்கலாம். ஆயினும் மீன் நீரில் மிதப்பது. தன் எடையைத் தானே சுமந்து மாடிப்படி ஏறவேண்டியதில்லை, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதுமில்லை.

பொருளியல் படித்தவனுக்கு வேறொரு கவலையும் உண்டு. 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி தரப்பட்டது. அதை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பயிற்சிக்குக் காப்புரிமை கிடையாது. ஆகவே, அதை விற்க எவரும் முன்வருவதில்லை. சந்தை கைவிடும் இடத்தில் அரசுதான் நிற்கவேண்டும். இங்கோ வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 முதல் 79 வயதினருக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய். நாளுக்கொரு முட்டை வாங்கினாலே அது தீர்ந்துவிடும். தசைக்குப் புரதம் வேண்டும் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மீனாய்வு நடக்கட்டும், அது வீண்செலவன்று. அதற்கிடையே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைப்பிடி வலிமையை அளக்கும் சிறு கருவியை வைக்கலாமே? ஆசிய வல்லுநர் குழுவின் 2019-ஆம் ஆண்டு வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். சென்ற மாதம் நான் அழுத்திப் பார்த்தபோது முள் 26-இல் நின்றது.