மலையில் தீ! செல்போனில் சேதி வருமா?

மாசி பிறந்துவிட்டால் போடி மலையில் புல் காயத் தொடங்கும். பங்குனியில் ஒரு பொறி போதும், மலை பற்றிக்கொள்ளும். அடிவாரத்துப் பொட்டிபுரத்துக்கும் ராசிங்கபுரத்துக்கும் இது புதிதல்ல. (நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் தேர்ந்தெடுத்த ஊர் என்று பத்திரிகைகளில் அடிபட்டதே, அந்தப் பொட்டிபுரந்தான்.)

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் ஏறிய இளைஞர்களும் பெண்களும் இறங்கும் வழியில் தீயில் சிக்கினார்கள். 23 பேர் மாண்டார்கள். நாடே கண்ணீர் விட்டது.

இரண்டு ஆண்டு கழித்து நடந்ததை நாடு அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 2020 மார்ச்சு மாதம் கொரோனாவுக்காகப் போக்குவரத்து நின்ற நேரம். கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்த ராசிங்கபுரத்துத் தொழிலாளர்கள், வண்டி இல்லாததால் காட்டுப் பாதையில் நடந்து ஊர் திரும்பினார்கள். வழியில் காட்டுத் தீ! ஒரு குழந்தை உள்பட சிலர் உயிரிழந்தார்கள். அந்தப் பாதையில் தீ எரிகிறது என்று புறப்படும் முன்பே யாராவது சொல்லியிருந்தால்?

சொல்லக்கூடிய ஏற்பாடு இந்தியாவில் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகளாகவே இருக்கிறது.

வானத்துக் காவல்

டேராடூனில் இந்திய வன அளவீட்டு நிறுவனம் இருக்கிறது. மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. 2004-ம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் மூலம் காட்டுத் தீயைக் கண்டுபிடித்துச் சொல்லி வருகிறது.

பூமியைச் சுற்றிவரும் கோள், மேலே கடக்கும்போது அளவுக்கு மீறிய சூடு உள்ள இடத்தைக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு ஐதராபாத் பக்கத்தில் உள்ள வாங்கு நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்து டேராடூனுக்குப் போகிறது. அங்கே கம்ப்யூட்டர் அதைக் காட்டின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த வனக்காவல் பகுதி என்று பார்க்கிறது. உடனே அந்தப் பகுதிக்கென்று பதிந்துகொண்டவர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி பறக்கிறது. நடுவில் குமாஸ்தா கிடையாது. கோப்பு கிடையாது. கையெழுத்தும் கிடையாது!

பதிந்துகொள்வது எப்படி? இணையதளத்தில் ஒரு படிவம் இருக்கிறது. பெயர், செல்போன் எண், எந்தப் பகுதியின் சேதி வேண்டும் என்பதை நிரப்பினால் போதும். வன அதிகாரிதான் நிரப்பவேண்டும் என்பதில்லை. யாரும் நிரப்பலாம்.

கோளுக்கும் குறை உண்டு. அது எந்நேரமும் போடி மலைக்கு மேலேயே நிற்பதில்லை. நாளுக்குச் சில தடவைதான் கடக்கும். ஒரு தடவை கடந்துபோன பிறகு பற்றிய தீ, அடுத்த தடவைதான் கண்ணில் படும். சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு இது போதாது. ஆனால், காட்டுத் தீ பல நேரம் ஒரு மணியில் அணைந்துவிடுவதில்லை. நேற்று இரவு கண்ட தீயைப் பற்றி இன்று காலையில் சேதி கிடைத்தால், மலையேறுகிறவன் வேறு பாதையில் போகலாம் அல்லவா?

படிவம் நிரப்பாதவர்கள்

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. படிவத்தை நிரப்புகிறவர் யார்?

மலையேற்றத்துக்கு வரும் பட்டணத்துக்காரர் நிரப்புகிறார். 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் 40 மலைப்பாதைகளுக்கு இணையதள முன்பதிவு கொண்டுவந்தது. போகிறவர் பெயரும் எண்ணும் அதில் பதிவாகின்றன. நல்ல காரியம்.

ஆனால், காய் எடுக்கப் போகும் பெண் எந்தப் படிவத்திலும் இல்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறுகிறாள். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ தோட்டத்துக்குப் போகிறாள். மாலையில் திரும்புகிறாள். ஜீப்பு தவறினால் நடை. மலையில் அதிக நாள் நடப்பவள் அவள்தான். டேராடூனில் ஒரு படிவம் காத்திருக்கிறது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்து நிரப்பினாலும், வரும் சேதி அவளுக்குப் பயன்படவேண்டும். தீ எரியும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் சொன்னால் வனக்காவலருக்குப் புரியும். அவளுக்கு ஊர்ப்பெயரும் பாதைப்பெயரும் வேண்டும். அதுவும் தமிழில்.

இங்கே ஒரு சங்கடம். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலமானால் 160 எழுத்து அடங்கும். தமிழானால் 70 குறிதான். ‘டி’ என்பது நமக்கு ஓர் எழுத்து. இயந்திரத்துக்கு ‘ட’ ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ஆக இரண்டு. ‘போடிநாயக்கனூர்’ நமக்கு எட்டு எழுத்து, அதற்குப் பதினான்கு. ஊர்ப்பெயரை இடைவெளி விடாமல் ஐந்து தடவை எழுதினால் சேதி நிரம்பிவிடும்! அதைத் தாண்டினால் இரண்டு சேதிக்குக் கட்டணம். செலவைப் பார்த்துப் பலர் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால், இதைப் பாருங்கள்: ‘பொட்டிபுரம் மலையில் தீ. ராசிங்கபுரம் பாதை வேண்டாம்.’ இயந்திரக் கணக்கில் 51 குறிதான். இன்னும் 19 மிச்சம். உயிர் காக்கும் சேதிக்குத் தமிழில் இடம் போதும்.

வாசகமும் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திக்கு அனுப்புகிறவர் பெயரும் வாசக மாதிரியும் பதிவு பெறவேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விதி. மாறக்கூடிய இடத்தைக் காலியாக விட்டுப் பதியலாம். ஊர்ப்பெயரைப் பிறகு இயந்திரம் நிரப்பிக்கொள்ளும். 2021 மார்ச் 8-ந் தேதி இந்த விதி கண்டிப்பாக அமலுக்கு வந்தபோது, பதிவோடு பொருந்தாத சேதிகள் தடுக்கப்பட்டன. பாங்குகளின் ஓ.டி.பி.கூட வரவில்லை. மறுநாளே விதியை ஒரு வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. புல் பற்றிய பிறகு வாசகம் தேடக்கூடாது. தை மாதத்திலேயே பதிந்து வைக்கவேண்டும்.

படிவமே வேண்டாம், கோபுரத்தின் கீழ் உள்ள எல்லாச் செல்போன்களையும் ஒரே நேரத்தில் அலறவைக்கலாம் என்பார்கள். 2023 அக்டோபரில் அப்படி ஒரு சோதனை நடந்தது. பலர் திடுக்கிட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊருக்குள் அது நல்ல வழி. மலைச்சரிவில் சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் ஊமைதான். அதனால், மலையேறும் முன்பே, ஜீப்பு நிற்கும் இடத்திலேயே சேதி கிடைக்கவேண்டும்.

அதற்கு நூறு பேர் படிவம் நிரப்பவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு ஜீப்பு டிரைவரின் எண் பதிவானால் வண்டியில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிஷத்தில் பதிந்து தரலாம்.

எண் கேட்டால் ஜனங்கள் பயப்படுகிறார்கள். மோசடிச் சேதி மலிந்த காலம், பயத்தில் தப்பில்லை. 2025 முதல் சர்க்கார் சேதியை அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. விளம்பரமானால் ‘பி’. இதைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதிப் போட்டாலே பாதிப் பயம் தீரும்.

பொட்டிபுரத்து ரேஷன் கார்டுகளோடு செல்போன் எண் ஏற்கெனவே இணைந்திருக்கிறது. அரிசி, சர்க்கரை வாங்கினால் எவ்வளவு வாங்கினார்கள் என்று குறுஞ்செய்தி தானாக வருகிறது. எண் சர்க்கார் கையில் இருக்கிறது. தீயின் இடம் டேராடூனில் இருக்கிறது. வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேட்டு இரண்டையும் இணைக்கவேண்டியதுதான் பாக்கி.