ரேடியேட்டர் அடியில் மட்டும் ஜில்லுனு இருக்கா? உள்ளே ஓடுவது கறுப்புத் தண்ணீர்!

பிரிட்டனில் குளிர் தொடங்கியதும் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது: “ரேடியேட்டர் மேலே சுடுது, அடியில் ஜில்லுனு இருக்கு!” மேலே ஜில்லென்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும், சாவியால் திறந்து வெளியேற்றிவிடலாம். அடியில் ஜில்லென்று இருந்தால் விஷயம் வேறு. அது துருச் சேறு.

அங்கே பாய்லர் சூடாக்கும் தண்ணீரை, பம்ப் ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. ஆறிய தண்ணீர் திரும்பவும் பாய்லருக்கே வருகிறது. குழாயில் வரும் குளிக்கிற, குடிக்கிற தண்ணீரோடு இது கலக்காது. ஒரே தண்ணீர் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். அதிலுள்ள ஆக்சிஜன் ரேடியேட்டரின் இரும்பை அரிக்க, மேக்னடைட் எனும் கறுப்புச் சேறு உருவாகிறது. காந்தம் வைத்தால் ஒட்டும். இது ரேடியேட்டர் அடியில் படிவதோடு நிற்பதில்லை. பம்ப்பையும் பாய்லரின் குறுகிய பாதைகளையும் அடைக்கிறது. புது பாய்லர் என்றால் செலவு ஆயிரக்கணக்கான பவுண்டு!

இதைத் தடுக்கும் திரவம்தான் ‘இன்ஹிபிட்டர்’. ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 100 லிட்டர் தண்ணீருக்கு, அதாவது நடுத்தர அளவு வீட்டுக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆனால், பாட்டிலில் எழுதியிருக்கும் அளவே இறுதி.

ஊற்றுவது எளிது. ஹீட்டிங்கை அணைத்து, நன்றாக ஆறவிட வேண்டும். குளியலறை டவல் ரேடியேட்டரின் இரு வால்வுகளையும் மூடி, கொஞ்சம் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு மேல் மூடியைக் கழற்றி, புனல் வைத்து ஊற்றலாம். மூடியை இறுக்கி, வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியேற்றி, பிரஷரை 1 முதல் 1.5 பாருக்குக் கொண்டுவந்து, ஹீட்டிங்கை ஓடவிட்டால் திரவம் எங்கும் பரவும். பரணில் தொட்டி வைத்த பழைய வீடுகளில் நேராக அந்தச் சின்ன தொட்டியிலேயே ஊற்றுவார்கள். பாய்லரின் உறையை மட்டும் கழற்றவே கூடாது. அது ‘கேஸ் சேஃப்’ பதிவுபெற்ற இன்ஜினீயரின் வேலை.

பலரும் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். சுவருக்கு பெயின்ட் அடிக்க ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினால், மருந்தும் சேர்ந்தே போய்விடும். பிரஷர் இறங்குகிறதென்று வாராவாரம் தண்ணீர் ஏற்றுவது அதைவிட மோசம். ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வீண்தான். ஏற்கெனவே படிந்த சேற்றையும் இன்ஹிபிட்டர் கரைக்காது. முதலில் கிளீனர் போட்டு அலச வேண்டும்.

இங்கிலாந்தில் வாடகை வீடு என்றால், ஹீட்டிங் பழுதைச் சரிசெய்வது பொதுவாக வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. 1985-ம் ஆண்டுச் சட்டமே அப்படிச் சொல்கிறது.

சொந்த வீட்டுக்காரர்கள், ஊற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பாய்லர் பக்கத்தில் ஒட்டலாம். அடுத்த வருட சர்வீஸின்போது, “இன்ஹிபிட்டர் அளவைச் சோதித்தீர்களா?” என்று கேட்க மறக்காமல் இருக்கும்.