நினைவுக் கோப்பையை அப்புறம் நடத்தலாம், முதல்ல ஆளைப் பாருங்க!

எங்க ஊர் விளையாட்டு கிளப்புங்க மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னிக்குக் கொட்டிடறேன். திட்டறவங்க தாராளமா திட்டலாம்.

ஞாயித்துக்கிழமை காலைல லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துக்கு வந்து பாருங்க. ஒரே நேரத்துல ஏழெட்டு மேட்ச் ஓடும். தெருவுக்கு ஒரு டீம், டீமுக்கு ஒரு கலர் பனியன், வருஷத்துக்கு ஒரு டோர்னமெண்ட். அதுல நிறைய 'நண்பன் இன்னார் நினைவு சுழற்கோப்பை'. பிளெக்ஸ்ல சிரிக்கற முகத்துக்கு இருபத்தஞ்சு வயசு தாண்டாது. எப்படிப் போனான்னு கேட்டா, சில பேருக்கு 'பைக்'னு பதில் வரும். சில பேருக்குப் பதிலே வராது, எல்லாரும் தரையைப் பார்ப்பாங்க.

அந்த மௌனத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 அறிக்கைப்படி இந்தியாவுல லட்சம் பேருக்கு 12.4 தற்கொலை. புதுச்சேரில 29.7. நாட்டுலயே மூணாவது இடம்.

நான் பொட்டி தட்டற ஆளு. ஆபீஸ்ல ஒரு சர்வர் அஞ்சு நிமிஷம் பதில் சொல்லலைன்னா நடுராத்திரில எழுப்பிவிடுவாங்க. டீம்ல ஒருத்தன் மூணு வாரமா வரலைன்னா? "அவனை விடு மச்சி, வேற ஆளைப் போடு." அவ்ளோதான்.

"நாங்க என்ன டாக்டரா?"ன்னு கேப்பீங்க. இல்லை. வைத்தியத்தை ஜிப்மர் பார்த்துக்கும். ஆனா அவன் எப்பவும் எப்படி இருப்பான்னு ஜிப்மர் டாக்டருக்குத் தெரியாது. கத்திக்கிட்டே பௌலிங் போடறவன் இன்னிக்கு ஏன் பவுண்டரி ஓரமா தனியா உக்காந்திருக்கான், வேலை போச்சா, கடன்காரன் மிரட்டறானா, இதெல்லாம் கூட ஆடறவனுக்குத்தான் முதல்ல தெரியும்.

"விளையாடறவனுக்கு என்னய்யா மனசுப் பிரச்சினை?" ராபின் உத்தப்பா 2007 டி20 உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல ஆடினவர். 2009லேர்ந்து 2011 வரைக்கும் தினமும் தற்கொலை எண்ணத்தோட போராடினதா 2020ல வெளிப்படையா சொன்னார். உலகக் கோப்பை ஜெயிச்சவருக்கே வரும்னா தெரு டீம் ஓப்பனருக்கு வராதா?

அப்புறம் நம்ம ஊரோட சர்வரோக நிவாரணி. டல்லா இருக்கறவனை "வா மச்சி, ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்"னு கூட்டிட்டுப் போறது ஆறுதல் இல்ல சாமி. குடி மனச்சோர்வை இன்னும் மோசமாக்கும்.

என்னதான் பண்ணணும்ங்கறே? சொல்றேன். அயர்லாந்துல ஊருக்கு ஊர் கேலிக் கால்பந்து கிளப் இருக்கு, நம்ம தெரு டீம் மாதிரிதான். அந்த சங்கம் 2013ல 'ஹெல்தி கிளப்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. உடம்போட மனசையும் கவனிக்கறது கிளப் வேலைன்னு எடுத்துக்கிட்டாங்க. அவ்ளோ தூரம் எதுக்கு? எனக்குத் தெரிஞ்ச பெருசுங்க குரூப் ஒண்ணு சாயங்காலம் பெத்தாங்க் ஆடும். ஒருத்தர் ரெண்டு நாள் வரலைன்னா மூணாவது நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிடுவாங்க. இதுக்கு என்ன பட்ஜெட் வேணும்?

ஸ்கோர் எழுத ஒரு ஆள் வெச்சிருக்கீங்க இல்ல? வராதவனுக்கு போன் போடவும் ஒரு ஆள் வைங்க. சந்தேகமா இருந்தா "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடும்ங்கறது கட்டுக்கதை. 'போலீஸ் கேஸ் ஆயிடும்'னு மூடி மறைக்காதீங்க. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு கவனிக்கணும்னுதான் 2017 மனநலச் சட்டத்தோட 115ஆம் பிரிவு சொல்லுது.

செத்தவன் பேர்ல கோப்பை குடுக்கறதுக்கு முன்னாடி, உயிரோட இருக்கறவன் தோள்ல கை போடுங்க.

பி.கு: டெலி மானஸ், 14416. 2022லேர்ந்து இருக்கு, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். அடுத்த டோர்னமெண்ட் பிளெக்ஸ்ல ஸ்பான்சர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டு இந்த நம்பரைப் போடுங்கப்பா.