உறவு மணமும் வருஞ் சந்ததியும்

மாமன் என்னுஞ் சொல் தாயின் உடன்பிறந்தானையும் குறிக்கும். மனைவியின் தந்தையையும் குறிக்கும். அத்தை என்பதும் அவ்வாறே இருபொருள்படும். இது தற்செயலன்று. உறவுக்குள்ளே கொண்டு கொடுக்கும் வழக்கம் நம் மொழியிலேயே வேரூன்றி நிற்கின்றது. சேலம், நாமக்கல் சமவெளியில் முறைப்பெண் இருக்க வேறிடத்திற் பெண் கொள்ளுதல் பல குடும்பங்களில் மனத்தாங்கலுக்கு ஏதுவாகும். கிறிஸ்தவராகிய எம் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நாலில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் உறவில் மணந்தவரே.

இதுபற்றி விஞ்ஞானம் கூறுவது யாது? மரபணுக்கள் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரட்டையாய் அமைவன. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று காக்கும் நோய்கள் பல உள. இரண்டும் பழுதாயின் நோய் வெளிப்படும். ஒரே பழுதைப் பெற்றோர் இருவரும் மறைவாகத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு மகவுக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தோர் ஒரே பழுதைத் தாங்குதல் எளிதன்றோ? சிறுநீர் கருமையுறும் அல்காப்டனூரியா என்னும் நோயுடையாரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினராயிருந்ததை ஆர்ச்சிபால்டு காரட் என்னும் ஆங்கில மருத்துவர் 1902-இலேயே எடுத்துக்காட்டினார்.

"முன்னோர் செய்தனர், அவர் மக்கள் வாழவில்லையா?" என்பர் பெரியோர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. தமிழ்நாட்டில் ஆராய்ந்த சுந்தரராவ், இன்பராஜ் என்னும் அறிஞர்கள், உறவில் மணந்தோர்க்கும் பிறர்க்கும் இடையே கருச்சிதைவு, சிசுமரணம் முதலியவற்றிற் பெரிய வேறுபாடு காணவில்லை என 1977-இல் எழுதினர். பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பெரும் பிறவிக்குறை நேரும். மாமன் அத்தை மக்கள் மணந்தால் இன்னும் இரண்டு மூன்று கூடும் என்பர். எனவே பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆயினும், குறையுற்ற மகவைப் பெற்ற வீட்டிற்குச் சராசரிக் கணக்கு ஆறுதலாகுமோ?

என் பாட்டியின் தங்கை தம் தாய்மாமனை மணந்தவர். அவர் மக்கள் மூவருள் இருவர் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர். ஊரார் அவர் வயிற்றையே பழித்தனர். அப்பழுதில் தந்தைக்கும் சரிபாதி உண்டென்பதை எவரும் அவர்க்கு உரைத்திலர். இன்று என் தமக்கைக்கும் மாமன் மகனுக்கும் மணம் பேசுகின்றனர். அவ்விருவரும் அப்பாட்டியின் பேரரே. "வைத்தியரை ஒரு முறை கேட்போமே" என்றேன். வீட்டில் எவரும் வாய் திறந்திலர்.

உறவு மணத்தை அறவே ஒழிக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. சொத்தும் அந்தஸ்தும் ஆராயும் நாம், குலத்தில் நேர்ந்த நோய்களையும் மறையாது ஆராய்தல் வேண்டும். அத்தகைய நோய் உண்டெனின், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மரபியல் வல்லாரை நிச்சயதார்த்தத்திற்கு முன்பே அணுகுதல் வேண்டும். பிறந்த குழவிக்குச் செவிச்சோதனை செய்தலும் கடன். கற்ற மாணவராகிய நாமே வாய் திறவாவிடில் வேறு யார் திறப்பர்?